சிறிய உணவகத்தின் உள்ளமைப்பும் மேசை நாற்காலிகளும்: புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை

புதிதாக உணவகமோ காபிக் கடையோ தொடங்குகிறவர்களில் பலர், கைப்பேசியில் சேமித்து வைத்த படங்களைத் தச்சரிடம் காட்டித்தான் வேலையை ஆரம்பிக்கிறார்கள். அந்தப் படங்களில் பெரும்பாலும் ஆட்கள் இருப்பதில்லை. சிந்திய சாம்பாரும், ஈரத் துணியும், கைக்குழந்தையோடு வரும் குடும்பமும் இருப்பதில்லை. வீட்டு நாற்காலி ஒரு வாரத்தில் காணும் உழைப்பை உணவக நாற்காலி ஒரே நாளில் கண்டுவிடும். ஆகவே முதலில் அளவு, அடுத்து உழைக்கும் தன்மை, கடைசியாகவே பாணி என்ற வரிசையில் முடிவெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 800 சதுர அடி வாடகைக் கடை ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

முதற்படி: எத்தனை இருக்கைகள்?

சமையலறை, பாத்திரம் கழுவுமிடம், கல்லாப்பெட்டி, கை கழுவுமிடம் ஆகியவற்றுக்கு 300 சதுர அடி போனால், சாப்பிடும் கூடத்துக்கு 500 சதுர அடி மிஞ்சும். நடைவழியையும் சேர்த்து, சாதாரண உணவகத்தில் ஓர் ஆளுக்கு 12 முதல் 15 சதுர அடி தேவை. 15 என்று கணக்கிட்டால் 33 பேருக்கு இடமிருக்கும். அதை 32 இருக்கைகளாக வைத்துக்கொள்ளலாம். வாடகையை நினைத்து 45 இருக்கைகளைத் திணிக்கத் தோன்றும். அப்படித் திணித்த கூடத்தில் பரிமாறுபவர் ஒவ்வொரு முறையும் யாரையாவது எழுப்பிவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும், வாடிக்கையாளரின் முதுகில் அடுத்த மேசைக்காரரின் நாற்காலி இடிக்கும்.

இரண்டாம் படி: தரையில் வரைந்து பாருங்கள்

தாளில் போட்ட வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள். காலியான கூடத்தின் தரையில் சுண்ணக்கட்டியால் ஒவ்வொரு மேசையையும் உண்மையான அளவில் வரைந்து, நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டு ஆட்களை உட்கார வைத்து, ஒருவரைத் தட்டோடு நடக்கச் சொல்லுங்கள். ஆள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி மேசை விளிம்பிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை அடி பின்னால் நிற்கும். அதற்கும் பின்னால், பரிமாறுபவர் நடக்கும் முக்கிய வழி குறைந்தது 3 அடி, முடிந்தால் 4 அடி இருக்க வேண்டும். வாசற்கதவு 3 அடி திறப்பும், படி இருக்குமிடத்தில் ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்ற சரிவில் சாய்தளமும் அமைந்தால் சக்கர நாற்காலியில் வருகிறவர் யார் உதவியும் இல்லாமல் உள்ளே வரலாம். பிறகு சேர்ப்பதைவிட இப்போது சேர்ப்பது மலிவு. அதைவிட, அவர்களும் நம் விருந்தினர்களே.

மூன்றாம் படி: மேசை

மேசையின் உயரம் 30 அங்குலம், இருக்கையின் உயரம் 18 அங்குலம் என்பதே எங்கும் பழகிப்போன அளவு. இரண்டுக்கும் இடையிலுள்ள 12 அங்குலம் கெட்டால் எவ்வளவு அழகான மேசையிலும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. தட்டில் பரிமாறும் கடையில் ஒருவருக்கு 2 அடி அகலம் போதும். வாழையிலைச் சாப்பாடு என்றால் இரண்டரை அடி கொடுங்கள், இல்லையென்றால் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

32 இருக்கைகளை எட்டு நால்வர் மேசைகளாகப் போடுவது சரியன்று. தனியாகவும் இருவராகவும் வருகிறவர்களே பெரும்பாலான கடைகளில் அதிகம் என்பதால், நான்கு நால்வர் மேசைகளும் எட்டு இருவர் மேசைகளும் போடலாம். இருவர் மேசை 24 அங்குல அகலமும் 30 அங்குல ஆழமும் கொண்டிருந்தால், இரண்டைப் பக்கவாட்டில் சேர்த்ததும் நால்வர் மேசையாகிவிடும். நடுவில் ஒரே தண்டும் கீழே கனமான இரும்புத் தட்டும் கொண்ட கால்கள் இதற்கு ஏற்றவை, சேர்க்கும்போது முழங்கால்கள் இடிபடாது. உயரத்தைத் திருகிச் சரிசெய்யும் புஷ் ஒவ்வொரு காலிலும் இருக்கட்டும். மேசை ஆடுகிறது என்று அட்டையை மடித்துச் செருகும் நிலை எந்தக் கடைக்கும் வரக்கூடாது.

மேற்பலகைக்கு கிரானைட் நன்கு உழைக்கும். பிளைவுட்டில் செய்து மேலே மைக்கா ஒட்டுவதானால், நீரைத் தாங்கும் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பலகையைக் கேளுங்கள். மர நாரை அழுத்திச் செய்யும் சாதாரண எம்.டி.எஃப். பலகை ஒருமுறை தண்ணீர் இறங்கினாலே ஊதிவிடும். கெடுதல் எப்போதும் விளிம்பில்தான் தொடங்கும்: மேசையைத் துடைக்கும் ஈரத் துணி ஒவ்வொரு முறையும் விளிம்பில் நீரை விட்டுப் போக, விளிம்பை மூட ஒட்டிய பட்டை மயிரிழை அளவு திறந்து, அதில் எண்ணெயும் மஞ்சளும் இறங்கிக் கறுத்து, சில மாதங்களில் பட்டையே விரலோடு உரிந்து வரும். மரச்சட்டத்தை விளிம்பாக வைத்துப் பாலிஷ் போட்டால் இது வராது.

நான்காம் படி: நாற்காலி

செலவைக் குறைக்கக் கூடாத இடம் இதுவே. வாங்குவதற்கு முன் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து இணைப்புகளைப் பாருங்கள். வெறும் ஆணியும் பசையும் மட்டும் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். திருகாணியோ போல்ட்டோ இருந்தால் தளரும்போது முடுக்கிக்கொள்ளலாம். மரச்சாமான் தயாரிப்பாளர் மைக்கேல் தோனெட் 1859-இல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலி வியன்னாவின் காபிக் கடைகளில் தொடங்கி உலகமெங்கும் பரவியதற்கு அதன் வளைவுகள் மட்டும் காரணமல்ல. ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு நட்டுகள், அவ்வளவுதான் அதன் உடல். 36 நாற்காலிகளைப் பிரித்து ஒரு கன மீட்டர் பெட்டியில் அடுக்கி அனுப்ப முடிந்தது, உடைந்த பாகத்தை மாற்ற முடிந்தது.

இரும்புச் சட்டமானால் பவுடர் கோட்டிங் (வண்ணப் பொடியைச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பூச்சு) உள்ளதையும், கடலோர ஊரானால் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் தேர்ந்தெடுங்கள். மெத்தை வைத்தால் துணியைவிட நல்ல ரெக்சின் துடைக்க எளிது. சுவரோரம் நீண்ட மெத்தை இருக்கை அமைப்பது இப்போது பரவலாகியிருக்கிறது. குறைந்த இடத்தில் கூடுதல் பேரை வசதியாக அமர்த்தும் என்பதால் அதை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

ஐந்தாம் படி: தரை

ஆத்தங்குடிக் கற்கள் மீண்டும் விரும்பப்படுவது மகிழ்ச்சிக்குரியது. சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடியில், கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து வண்ணச் சிமெண்ட்டை ஊற்றி, நீரில் ஊறவைத்து உலர்த்தி இவற்றைச் செய்கிறார்கள். சூளையில் சுடுவதில்லை, அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. சிமெண்ட் என்பதால் புளியும் எலுமிச்சையும் பட்டால் தடம் விழும், ஆசிட் ஊற்றிக் கழுவினால் வண்ணமே போய்விடும். வாசற்பகுதியிலும் கல்லாவின் முன்னும் பதியுங்கள். சமையலறைக்கும் கை கழுவுமிடத்துக்கும் வழுக்காத செராமிக் டைல்தான் பொருத்தம்.

ஆறாம் படி: ஒளியும் ஓசையும்

சாப்பாட்டின் மேல் 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான மஞ்சள் சாயல் ஒளி விழ வேண்டும். 6500 கெல்வின் வெள்ளை ஒளியில் நல்ல குழம்பும் வெளிறித் தெரியும். நிறங்களை உள்ளபடி காட்டும் திறன் (CRI) 90-க்கு மேல் என்று பெட்டியில் அச்சிட்ட பல்புகளை வாங்குங்கள். தொங்கும் விளக்கு மேசைக்கு மேலே இரண்டரை முதல் 3 அடி உயரத்தில் இருந்தால் கண்ணில் குத்தாது.

கிரானைட், டைல், கண்ணாடி, எவர்சில்வர் எல்லாம் சேர்ந்த கூடத்தில் பேச்சொலி எதிரொலித்துப் பெருகும், பக்கத்தில் இருப்பவரிடம் பேசவே குரலை உயர்த்த வேண்டியிருக்கும். மேற்கூரையில் துளையிட்ட ஜிப்சம் பலகைகளைப் பொருத்தி, பின்னால் ராக்வூல் என்ற பாறை இழைப் பஞ்சை வைத்தால் ஓசை நன்கு அடங்கும்.

ஏழாம் படி: இப்போதுதான் பாணி

பிரம்புப் பின்னல் இன்று எங்கும் தெரிகிறது. 1950-களில் சண்டிகர் அலுவலகங்களுக்காக சுவிஸ் கட்டடக் கலைஞர் பியர் ஜான்னரே வடிவமைத்த தேக்கும் பிரம்பும் கலந்த நாற்காலியின் நகல்கள் பல நாட்டு காபிக் கடைகளில் கிடக்கின்றன. நம் ஊரிலேயே கொள்ளிடம் அருகே தைக்காலில் பிரம்பு வேலை செய்கிற கைகள் இருக்கும்போது நகலைத் தேட வேண்டியதில்லை. ஆனால் பலர் அமரும் இருக்கையில் பின்னல் நாளடைவில் தொய்ந்துவிடும். முதுகுச் சாய்விலும் தடுப்புகளிலும் விளக்குக் கூடுகளிலும் மட்டும் பயன்படுத்துங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் கிடைக்கும் பழைய கதவும் தூணும் அழகுதான், வாங்குமுன் கரையான் அரித்த இடங்களைத் தட்டிப் பாருங்கள்.

எளிதில் மாற்றக்கூடிய பொருள்களில் மட்டும் புதுப் போக்குகளைப் பின்பற்றுங்கள். சுவர் வண்ணம், விளக்குக் கூடு, மெத்தை உறை ஆகியவற்றை மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றலாம். தரையையும் மேசையையும் அப்படி மாற்ற முடியாது.

எட்டாம் படி: மாதிரி, பிறகு ஆர்டர்

ஒரு நாற்காலியையும் ஒரு மேசையையும் மட்டும் முதலில் செய்து வாங்கி, ஒரு வாரம் பலரை உட்காரச் சொல்லி, நாற்காலியின் பின்கால்களில் சாய்ந்து ஆடச் சொல்லி, மேசையில் மஞ்சள் குழம்பை இரவு முழுவதும் விட்டுக் காலையில் துடைத்துப் பார்த்த பிறகே மொத்த ஆர்டர் கொடுங்கள். 32 இருக்கைகளுக்கு 36 நாற்காலிகள் வாங்கினால், பழுதானவற்றை உடனுக்குடன் எடுத்துச் சரிசெய்ய முடியும். கடை திறந்தபின் மாதம் ஒருமுறை விடுமுறை நாளில் எல்லாத் திருகாணிகளையும் முடுக்கும் பொறுப்பைக் குறிப்பிட்ட ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.