டெல்மார்வா: எப்படிச் சொல்வது, எங்கே எழுதுவது

மத்திகிரியில் கோழி வளர்ப்பு படிக்கிற மாணவர்களுக்கும், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பண்ணைகளுக்குக் குஞ்சும் தீவனமும் கொடுக்கும் கம்பெனிகளின் சூப்பர்வைசர்களுக்கும் அமெரிக்க பிராய்லர் பற்றிப் படிக்கும்போது அடிக்கடி எதிர்ப்படும் பெயர் டெல்மார்வா. இதை ஒரு மாநிலம் என்று எண்ணித் தேடினால் கிடைக்காது. டெலவேர், மேரிலாந்து, வர்ஜீனியா ஆகிய மூன்று மாநிலப் பெயர்களிலிருந்து டெல், மார், வா என்று எடுத்து ஒட்டிய வட்டாரப் பெயர் இது. மேற்கே செசபீக் விரிகுடா, கிழக்கே டெலவேர் விரிகுடாவும் அட்லாண்டிக் கடலும். நடுவில் நீளும் தீபகற்பம்தான் டெல்மார்வா.

உச்சரிக்கும்போது அழுத்தம் நடுவில் விழ வேண்டும். ‘டெல்’ குறுகி வரும், ‘மார்’ ஓங்கி நீளும், கடைசி எழுத்து ‘வ’ என்று சட்டென அடங்கிவிடும். எழுத்தில் ‘வா’ என்று முடிப்பதால் பலர் அதையே நீட்டிச் சொல்கிறார்கள். தொலைபேசியில் அமெரிக்கருக்குப் பிடிபடாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். ‘வ’ சொல்லும்போது மேல்பல் கீழுதட்டைத் தொட்டு, காற்று உரசி வர வேண்டும். உதட்டை மட்டும் குவித்தால் அவர்கள் காதில் வேறு எழுத்தாக விழும். இன்னொன்று: மேரிலாந்தை அங்கே ‘மெரிலண்ட்’ என்கிறார்கள். அதற்காக டெல்மெர்வா என்று மாற்றிவிடக் கூடாது, இங்கே ‘மார்’தான்.

தமிழில் டெல்மார்வா, டெல்மார்வாவில், டெல்மார்வா தீபகற்பம் என்று எழுதினால் போதும். ஆங்கிலத்தில் பேசும்போது ‘இன்’ போடாமல் ‘ஆன் டெல்மார்வா’ என்பது அங்குள்ளவர்கள் வழக்கம். தீபகற்பம் என்ற நினைப்பிலிருந்து வந்த பேச்சு அது.

முகவரியில் இந்தப் பெயருக்கு இடமில்லை. நம் பக்கத்துக்குப் பாராமகால் என்ற பழம்பெயர் இருக்கிறது. அதைக் கடித உறையில் யாரும் எழுதுவதில்லை, அதுபோலத்தான். ஊர், மாநிலம், அஞ்சல் குறியீடு மூன்றும் வேண்டும். நம் மாவட்டம் போன்ற உட்பிரிவான கவுண்டியின் பெயரை மட்டும் நம்பினாலும் சிக்கல் வரும்: கென்ட் கவுண்டி டெலவேரிலும் இருக்கிறது, மேரிலாந்திலும் இருக்கிறது. டெல்மார் என்பது வேறு, அது டெலவேர், மேரிலாந்து எல்லைக்கோட்டின் மேலேயே அமைந்த சிற்றூர். டெல் மார் என்று பிரித்து எழுதினால் கலிபோர்னியாவுக்கே போய்விடுவீர்கள்.

‘ஈஸ்டர்ன் ஷோர்’ என்ற பெயரையும் இதற்குப் பதிலாகப் போடக் கூடாது. மேரிலாந்தின் 9 கவுண்டிகளும் வர்ஜீனியாவின் 2 கவுண்டிகளும் அந்தப் பெயரில் அடங்கும், டெலவேர் அடங்காது. கோழித் தொழிலைப் பற்றி எழுதுகிறவர் டெலவேரை விட்டுவிட்டால் தொழில் பிறந்த இடத்தையே விட்டதாகும். டெலவேரின் சசெக்ஸ் கவுண்டியில், ஓஷன் வியூ ஊருக்கு அருகே, 1923இல் செசில் ஸ்டீல் என்ற பெண்மணி முட்டைக்காக 50 குஞ்சு கேட்டார். தவறுதலாக 500 வந்தது. திருப்பி அனுப்பாமல் கறிக்கு வளர்த்து விற்றார், லாபம் வந்தது, அடுத்தடுத்த ஆண்டுகளில் அக்கம்பக்கத்தார் எல்லோரும் இறங்கினார்கள். முட்டைக்கோழியின் உபரியாக இல்லாமல் கறிக்கென்றே கோழி வளர்க்கும் அமெரிக்கத் தொழில் அங்கிருந்துதான் கிளம்பியது.

அதனால் புள்ளிவிவரங்களில் இந்தப் பெயர் வரும்போது கூடுதல் கவனம் தேவை. டெல்மார்வா என்று தரப்படும் எண்ணிக்கை மூன்று மாநிலங்களின் பண்ணைகளைச் சேர்த்தது. அதோடு டெலவேர் எண்ணிக்கையைத் தனியாகக் கூட்டினால் ஒரே கோழியை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். மறுபுறம், அமெரிக்க அரசின் அட்டவணைகள் மாநிலவாரியாக வருபவை. அவற்றில் வர்ஜீனியாவின் மொத்தத்தை அப்படியே எடுக்கக் கூடாது. தீபகற்பத்தில் இருப்பது அக்கோமாக், நார்தாம்ப்டன் என்ற 2 கவுண்டிகள் மட்டுமே. வர்ஜீனியாவின் பெரிய கோழிப் பகுதியான ஷெனண்டோவா பள்ளத்தாக்கு செசபீக் விரிகுடாவுக்கு மேற்கே, வெகுதொலைவில் இருக்கிறது. எடை பவுண்டில் இருந்தால் 0.4536ஆல் பெருக்கிக் கிலோவாக்குங்கள்.

கூடவே வரும் ஊர்ப்பெயர்கள் சில எழுத்துக்கும் ஒலிக்கும் ஒட்டாதவை. சாலிஸ்பரி என்று படிக்கத் தோன்றுவதைச் ‘சால்ஸ்பெரி’ என்றும், வொர்செஸ்டர் கவுண்டியை ‘வுஸ்டர்’ என்றும் சொல்லுங்கள். விக்கோமிக்கோ கவுண்டி அங்கே ‘வைக்காமிக்கோ’. அழுத்தம் ‘கா’ மேல்.