மூன்று கியர் ஹப்பின் வீச்சை விரிக்க ஒரு வழி

ஆடி மாதத்தில் பாம்பன் பாலத்தின் வழியே மண்டபம் நோக்கிச் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு, மலையே இல்லாத இந்தக் கரையிலும் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று எதிர்த்து வீசினால் மூன்று கியர் போதாது என்பது தெரியும். பின்சக்கரத்தின் பல்சக்கரத்தைப் பெரிதாக மாற்றினால் எல்லாக் கியர்களும் ஒருசேர இலகுவாகுமே தவிர, மிக இலகுவான கியருக்கும் மிகக் கடினமான கியருக்கும் இடையிலான வீச்சு அதிகரிக்காது. முன்னால், பெடலோடு சுழலும் இடத்தில், இரண்டாவது செயின் வீல் ஒன்றைச் சேர்ப்பதே சரியான வழி.

பின்சக்கரத்தின் நடுவே மூன்று கியர்களையும் உள்ளடக்கிய ஸ்டர்மி ஆர்ச்சர் ஏ.டபிள்யூ. ஹப்பின் விகிதங்கள் 0.75, 1, 1.33 ஆகும். ஏற்கெனவே உள்ள செயின் வீல் 46 பல் கொண்டது என்றால், அதனுடன் 34 பல் வீலைச் சேர்த்தால் வீச்சு 1.78 மடங்கிலிருந்து 2.4 மடங்காக விரியும். ஆனால், இரண்டு கியர்கள் பழையவற்றோடு ஏறக்குறைய ஒன்றிவிடுவதால் உண்மையில் புதிதாகக் கிடைப்பது ஒன்றே. 40 பல் வீலைச் சேர்த்தால் வீச்சு 2.04 மடங்குதான் என்றாலும், ஆறு கியர்களும் சீரான படிகளாக அமைகின்றன. நொடிக்கு நொடி மாறும் கடற்காற்றுக்கு இதுவே ஏற்றது என்பது என் கருத்து. மீன்கூடை ஏற்றிச் செல்வோர் 34-ஐத் தேர்ந்தெடுக்கலாம்.

சிறிய வீலுக்கு மாறும்போது செயின் தொய்வதால், அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் டென்ஷனர் அவசியம். உப்புக்காற்றில் அந்த ஸ்பிரிங் விரைவில் துருப்பிடிக்குமாதலால், வாரம் ஒருமுறை துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்துப் பிரேக் பிடிக்கும் ஹப்பாக இருந்தால் டென்ஷனரைப் பொருத்தவே கூடாது. பிரேக் பிடிக்காமல் போகும்.