கொட்டகைக் காரும் ஏறும் பெட்ரோல் விலையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலில் ஒரு கணக்கு. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் வீட்டுக் கொட்டகையில் நிற்கிற அம்பாசிடரோ, பத்மினியோ, ஜிப்சியோ பிழைப்புக்கு ஓடுகிற வண்டி இல்லை. கோயிலுக்கு, முன்னோர் படைப்புக்கு, கல்யாணத்துக்கு, பிள்ளைகள் ஊருக்கு வந்தால் ஒரு சுற்றுக்கு என்று வருடத்துக்கு 2,000 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்றால் 200 லிட்டர். பெட்ரோல் லிட்டருக்கு 10 ரூபாய் ஏறினால் வருடத்துக்குக் கூடுதல் செலவு 2,000 ரூபாய். மாதத்துக்கு 170 ரூபாய்கூட வராது.

இந்த 2,000 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பேட்டரி, டேங்க், கார்புரேட்டர், வால்வு என்று ஒவ்வொன்றாகச் செலவு வைத்துக்கொள்கிறார்கள். தினம் 60 கிலோமீட்டர் ஆபீசுக்கு ஓட்டுகிறவருக்குச் சொல்லும் சிக்கன யோசனைகளை அப்படியே கொட்டகை வண்டிக்குப் பொருத்துவதில் வரும் வினை இது.

ஓட்டாமல் நிறுத்திவிடுவது

விலை ஏறியதும் முதலில் எடுக்கும் முடிவு, "கொஞ்ச நாள் நிக்கட்டும்." தவறுகளில் இதுதான் பெரியது.

இன்று பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடி ரப்பர் நைந்த பழைய டேங்க் பாதி காலியாக நின்றால், உள்ளே இருக்கும் காற்று பகலில் விரிந்து வெளியேறும். இரவில் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். பெட்ரோல் தாங்கும் அளவைத் தண்ணீர் தாண்டியதும், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்க் அடியில் இறங்கும். பெட்ரோல் எடுக்கும் குழாயும் அங்கேதான் இருக்கிறது. தகர டேங்க் அடியிலிருந்து துருப்பிடிப்பது இப்படித்தான். துருவையும் ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) 1953 முதல் இயங்கிவரும் காரைக்குடியில் இது நடப்பது கொஞ்சம் வேடிக்கை.

சந்தேகம் இருந்தால் டேங்க்கிலிருந்து அரை லிட்டர் வடித்து, கண்ணாடி பாட்டிலில் ஊற்றி இறுக மூடி, வெளியே நிழலில் ஓர் இரவு வையுங்கள். காலையில் அடியில் கோடு போட்டதுபோல் இரண்டு அடுக்கு தெரிந்தால் அந்தப் பெட்ரோலை வண்டியில் ஓட்டக்கூடாது; முழுக்க வடிக்க வேண்டும்.

ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும் என்று தெரிந்தால் கார்புரேட்டர் வண்டிக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கடைசி ஓட்டம் முடிந்து கொட்டகையில் விடும் முன், ஏசி பம்ப்புக்கு (டேங்க்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப்; குளிர்சாதன ஏசி இல்லை) வரும் பெட்ரோல் ஹோஸைக் கழற்றி, முனையை அடைத்துவிட்டு, இன்ஜினைத் தானாக அணையும்வரை ஐடிலில் (ஆக்சிலேட்டர் மிதிக்காமல்) ஓடவிடுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பர் காலியாகிவிடும். அதில் பெட்ரோலை விட்டுவைத்தால் ஆவியாகி, பிசின்போல் ஒட்டும் மஞ்சள் படிவம் தங்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் அளந்து போகும் துளைதான் ஜெட்; அதில் ஐடில் ஜெட் ஓட்டை ஊசி முனை அளவுதான். முதலில் அடைபடுவது அதுதான். மூன்று மாதத்துக்குள் மறுபடி எடுப்பதாக இருந்தால் டேங்க்கை நிரப்பி நிறுத்துங்கள், காற்றுக்கு இடம் இருக்காது. அதற்கு மேல் என்றால் வடித்துவிடுவது மேல். வடித்தது தெளிவாக இருந்தால் வீட்டில் தினம் ஓடும் வண்டியில் ஊற்றித் தீர்த்துவிடலாம்.

வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் போனில், "வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் விடுங்க" என்று சொல்லிவைப்பது இன்னொரு வழக்கம். இது பெட்ரோலையும் எரிக்கிறது, வண்டியையும் கெடுக்கிறது. ஐடிலில் டைனமோவோ ஆல்டர்னேட்டரோ தருவது சொற்பம். ஸ்டார்ட்டர் எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுத்தாலே பெரிது. சோக்கில் ஓடும் குளிர்ந்த இன்ஜின் சிலிண்டர் சுவரில் பெட்ரோலை வழியவிட்டு ஆயிலை நீர்க்கச் செய்யும். சைலன்சரில் தங்கும் தண்ணீர் சூடாகி வெளியேறாமல் உள்ளேயே அரிக்கும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இன்ஜின் முழுச் சூடு ஏறி 20, 25 கிலோமீட்டர் ஓட வேண்டும். காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி போய் வந்தால் சரியாக இருக்கும். இரண்டரை லிட்டர் பெட்ரோல், சாமி தரிசனமும் ஆச்சு. அதுவும் முடியாது என்றால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவைத்து, மீட்டரில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போது சார்ஜ் போடுங்கள். 12 வோல்ட்டுக்குக் கீழே மாதக்கணக்கில் கிடந்த பேட்டரி தேறாது. புதுசு வாங்கும் காசில் வருடத்துக் கூடுதல் பெட்ரோல் செலவு இரண்டு மடங்காவது வந்துவிடும்.

மைலேஜுக்காக ஜெட்டைச் சின்னதாக்குவது

"மைலேஜ் வரலை, கொஞ்சம் டைட் பண்ணுங்க" என்று மெக்கானிக்கிடம் கேட்பது பழைய பழக்கம். எத்தனால் இல்லாத காலத்தில் அதில் ஓரளவு அர்த்தம் இருந்தது. இப்போது அது இன்ஜினுக்குக் குழி பறிப்பது.

காரணம் இதுதான். ஒரு கிலோ சுத்தப் பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீதக் கலவைக்கு 13.5 கிலோ போதும். அதாவது அதே காற்றுக்குப் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போக வேண்டும். புது கார்களில் ஆக்சிஜன் சென்சார் பார்த்து இன்ஜெக்டர் தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்தக் கண் கிடையாது. ஆகவே பழைய ஜெட்டோடு ஓடும் பத்மினி ஏற்கெனவே ஏழெட்டு சதவீதம் லீனாகத்தான் (பெட்ரோல் குறைந்த கலவையில்) ஓடிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் இன்னும் டைட் செய்தால் எக்ஸாஸ்ட் வால்வு சூடேறி ஓரம் கருகும், ஆக்சிலேட்டர் மிதித்ததும் வண்டி திணறும், சித்திரை வெயிலில் திருமயம் தாண்டுவதற்குள் டெம்பரேச்சர் முள் ஏறிவிடும். வால்வு வேலைக்கு ஹெட் இறக்கினால் ஆகும் செலவை மைலேஜில் எடுக்கப் பல வருடம் ஆகும்.

செய்ய வேண்டியது நேர்மாறானது. சோலெக்ஸ் வகைக் கார்புரேட்டரில் மெயின் ஜெட் எண் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் குறிக்கும். 120 என்றால் துளை 1.20 மில்லிமீட்டர். அதை 125 ஆக்கினால் துளையின் பரப்பு எட்டு சதவீதத்துக்குச் சற்று மேல் கூடும், கணக்கு கிட்டத்தட்ட சரியாகிவிடும். எஸ்.யு. கார்புரேட்டரில் ஜெட் கிடையாது என்பதுபோல் சிலர் பேசுவார்கள். அடியில் இருக்கும் நட்டை ஒரு முகம் கீழே இறக்கிப் பாருங்கள், கலவை ரிச்சாகும், அதாவது பெட்ரோல் கூடும். பிறகு ஒரே வேகத்தில் பத்து கிலோமீட்டர் ஓட்டி, இன்ஜினை அணைத்து, ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை வறுத்த காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் சரி. சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் இன்னும் லீன். கரி படிந்திருந்தால் கூடிப்போயிற்று.

எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் சுத்தப் பெட்ரோலோடு ஒப்பிட்டால் 20 சதவீதக் கலவையில் லிட்டருக்கு சுமார் ஏழு சதவீதம் சக்தி குறையும். பத்து ஓடியது ஒன்பதேகால் ஓடினால் அது மெக்கானிக்கின் குற்றம் இல்லை.

கலவை எவ்வளவு என்று நீங்களே பார்க்கலாம். 100 மில்லி அளவு கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர், மேலே 90 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கி நிற்கவிடுங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். கோடு 28 அருகே நின்றால் 20 சதவீதம். திறந்த வெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்கள் இந்தக் கலவைக்கு ஏற்ற பாகங்களோடு வருகின்றன. பழைய வண்டியில் ரப்பர் எல்லாம் சந்தேகத்துக்குரியவை: பெட்ரோல் ஹோஸ், ஏசி பம்ப் டயாஃப்ரம் (உள்ளே அசையும் சவ்வு), ஆக்சிலரேட்டர் பம்ப் டயாஃப்ரம், நீடில் வால்வின் ரப்பர் முனை. ஹோஸை மட்டும் மாற்றிவிட்டு டயாஃப்ரத்தை விட்டுவிடுவதுதான் சாதாரணமாக நடக்கிறது. கிழிந்த டயாஃப்ரம் பெட்ரோலை இன்ஜின் ஆயிலில் இறக்கும். டிப்ஸ்டிக்கில் அளவு ஏறியிருந்தாலோ, ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தாலோ ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஹோஸ் வாங்கும்போது எத்தனால் தாங்கும் 'விட்டான்' (Viton) ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். எத்தனால் பழைய படிவங்களைக் கரைத்துக் கொண்டுவரும் என்பதால், முதல் இரண்டு மூன்று டேங்க்குக்குள் ஃபில்டர் அடைபடும். டிக்கியில் ஒன்று கூடுதலாகக் கிடக்கட்டும்.

டைட் பண்ணுகிற அதே கைதான் தெர்மோஸ்டாட்டையும் கழற்றி எறிகிறது. அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடேற நேரம் பிடிக்கும், அதுவரை பெட்ரோல் கூடத்தான் குடிக்கும். இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறுவதற்கு ரேடியேட்டர் அடைப்பு காரணமாக இருந்தால் ரேடியேட்டரைத்தான் பார்க்க வேண்டும்.

கேனில் பிடித்து வைப்பது

2017 ஜூன் 16 முதல் விலை தினமும் காலை ஆறு மணிக்கு மாறலாம் என்ற முறை வந்தது. ஏறப்போகிறது என்று செய்தி வந்தால் கேனோடு பங்க்குக்கு ஓடுகிறார்கள். லிட்டருக்கு இரண்டு ரூபாய் மிச்சம் என்றால் 20 லிட்டருக்கு 40 ரூபாய். அதற்காகத் தேக்கு மரத்தாலான இரண்டாங்கட்டு வீட்டில், காற்றோட்டம் இல்லாத அறையில் பெட்ரோல். சட்டப்படி விற்பனைக்கு இல்லாத பெட்ரோலை லைசென்ஸ் இல்லாமல் 30 லிட்டர் வரைதான் வைக்கலாம். அதுவும் 25 லிட்டருக்கு மிகாத, இறுக மூடிய உலோகப் பாத்திரத்தில். தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடம் அதில் சேராது.

மலிவு எரிபொருள் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மண்ணெண்ணெய் கலந்தால் இன்ஜின் தட்டும், ஆயில் கெடும். வீட்டு கேஸ் சிலிண்டரைக் காரில் வைப்பது குற்றம், வெடிக்கும் ஆபத்தும் உண்டு. முறையான சி.என்.ஜி. கிட் நல்லதுதான், ஆனால் வருடத்துக்கு 20,000 ரூபாய்க்குப் பெட்ரோல் போடும் வண்டியில் போட்ட பணம் திரும்பவே வராது. பிரீமியம் பெட்ரோல் போட்டால் மைலேஜ் கூடும் என்பதும் அப்படித்தான்: குறைந்த கம்ப்ரெஷன் உள்ள அம்பாசிடர் இன்ஜினுக்கு அதிக ஆக்டேனால் ஒரு பயனும் இல்லை.

ஜிப்சி, ஜீப், மஹிந்திரா தார் வைத்திருப்பவர்கள்

கண்மாய்க் கரையிலும் செம்மண் தடத்திலும் ஃபோர் வீல் டிரைவ் போட்டுவிட்டு, தார் ரோட்டில் ஏறியதும் எடுக்க மறப்பது அடிக்கடி நடக்கும். திருப்பத்தில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடும். நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியில் அந்த வித்தியாசத்துக்குப் போக்கிடம் இல்லாமல் ஷாஃப்ட் முறுகும், டயர் தேயும், பெட்ரோல் போகும். ஜிப்சியில் முன் ஹப்பை (சக்கரத்தின் நடுப்பகுதி) கையால் லாக் செய்யும் வகை இருந்தால் லீவரை எடுத்தபின் இறங்கி ஹப்பையும் ஃப்ரீயில் திருப்ப வேண்டும்.

மணலுக்காகக் காற்றைக் குறைத்துவிட்டு அப்படியே மதுரைக்கு ஓட்டுவதும், மிச்சம் பிடிக்கிறேன் என்று 40 பவுண்டு அடிப்பதும் ஒன்றுக்கொன்று சளைத்தவை இல்லை. முதலாவதில் டயர் பக்கச்சுவர் சூடாகி வெடிக்கும். இரண்டாவதில் நடுப்பகுதி மட்டும் தேயும், சரளையில் பிடிமானம் போகும். டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அளவே போதும். காலியான ரூஃப் கேரியரைக் கழற்றிவைப்பது காசில்லாத மைலேஜ்.

பெரிய மட் டயர் மாற்றியவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். டயர் சுற்றளவு ஐந்து சதவீதம் கூடினால் மீட்டர் ஐந்து சதவீதம் குறைவாகக் காட்டும். அதை வைத்து மைலேஜ் கணக்கிட்டால் உண்மையைவிட மோசமாகத் தெரியும். எந்த வண்டியானாலும் முள்ளைப் பார்த்தோ, "ஐந்நூறுக்குப் போட்டேன்" என்றோ அளக்காதீர்கள். ஒரே பங்க், முதல் ஆட்டோ கட் வரை ஃபுல் டேங்க், 250 கிலோமீட்டராவது ஓட்டம், மறுபடி அதே இடத்தில் ஃபுல். ஓடியதை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ்.

ஓடாத வண்டிக்கு எதற்கு இன்சூரன்ஸ்

பெட்ரோலுக்குப் போகிற காசை இன்சூரன்சில் பிடிக்கலாம் என்று பாலிசியை விட்டுவிடுகிறார்கள். கொட்டகையில் நின்றாலும் தீ, திருட்டு, எலி கடித்த வயரால் வரும் ஷார்ட் சர்க்யூட் எல்லாம் உண்டு. முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் நோ கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் செய்யாத வருடங்களுக்கான தள்ளுபடி) போய்விடும். குறைவாக ஓடும் வண்டிக்கு, ஓடிய கிலோமீட்டரைப் பொறுத்து பிரீமியம் குறையும் வகை 2022 முதல் அனுமதியில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கலாம். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாமல் பிள்ளையார்பட்டி வரை ஓட்டினாலும் முதல் முறை அபராதம் 2,000 ரூபாய், மேலே போட்ட ஒரு வருடக் கணக்குக்குச் சரியாக அதே தொகை.

15 வருடம் தாண்டிய வண்டியின் ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 50 வருடம் தாண்டியதை வின்டேஜ் என்று பதிந்தால் பத்து வருடத்துக்குச் செல்லும். ஆனால் கண்காட்சி, ராலி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஓட்ட ஆசைப்படுகிறவர் அதில் பதியக்கூடாது. ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் முடியும் தேதியை ஓர் அட்டையில் எழுதி, கொட்டகைச் சாவியோடு கட்டித் தொங்கவிடுங்கள். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உங்களுக்கு முன்னால் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் கண்ணில்தான் அது படும்.