ரெக்கவரி பார்ட்டிஷனை அழிக்கலாமா? அளவைப் பார்த்து முடிவெடுங்கள்

சி டிரைவ் நிரம்பி வழியும்போது, ரெக்கவரி என்று ஒரு பகுதி சும்மா கிடப்பது கண்ணை உறுத்தும். அதில் கை வைப்பதற்கு முன், செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பக்கத்தில் டெம்பரரி ஃபைல்ஸைத் திறந்து பாருங்கள். பெரிய அப்டேட் முடிந்த சில நாட்களுக்குப் பழைய விண்டோஸ் கோப்புகள் அங்கேயே கிடக்கும். அவை மட்டுமே பல ஜிபி தேறும். அதுவும் போதவில்லையா? சரி, தொடங்கலாம்.

படி 1: ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். கீழே உங்கள் டிஸ்க் கட்டம் கட்டமாகத் தெரியும். இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்று ஒரு சிறிய கட்டம் இருக்கும். அதைத் தொடவே வேண்டாம், அது போனால் விண்டோஸ் பூட் ஆகாது.

படி 2: ரெக்கவரி கட்டத்தின் அளவைப் பாருங்கள். முடிவு பெரும்பாலும் இங்கேயே கிடைத்துவிடும்.

500 எம்பி முதல் 1 ஜிபி வரை இருந்தால், அது அநேகமாக விண்டோஸ் தனக்காக வைத்திருக்கும் பகுதி. லேப்டாப் ஆன் ஆகி விண்டோஸ் மட்டும் வராத நாளில் ஸ்டார்ட்டப் ரிப்பேர், சேஃப் மோடு எல்லாம் இங்கிருந்துதான் கிடைக்கும். ஒரு சினிமாவுக்குக்கூடப் போதாத இடத்துக்காக இதை இழக்காதீர்கள். 2024 ஜனவரியில் விண்டோஸ் 10க்கு வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட், இந்தப் பகுதியில் 250 எம்பி காலி இல்லாத கணினிகளில் இன்ஸ்டால் ஆகாமல் நின்றது. இதைப் பெரிதாக்கச் சொல்லி மைக்ரோசாஃப்டே வழி சொல்ல வேண்டியிருந்தது.

10 ஜிபிக்கு மேல் இருந்தால், லேப்டாப் நிறுவனம் வைத்தது. வாங்கிய அன்றிருந்த நிலைக்கே கொண்டுபோக உதவும் கோப்புகள் அதில் இருக்கும். அழிப்பதைப் பற்றி யோசிக்கத் தகுந்தது இது மட்டுமே.

படி 3: 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றை எடுங்கள், அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். ஸ்டார்ட்டில் ரெக்கவரி டிரைவ் என்று தேடித் திறந்து, சிஸ்டம் ஃபைல்களையும் சேர்க்கும் பெட்டியில் டிக் செய்து உருவாக்குங்கள். அப்புறம் லேப்டாப்பை அந்தப் பென் டிரைவிலிருந்து ஒருமுறை பூட் செய்து பாருங்கள். சோதிக்காத பென் டிரைவை நம்பி எதையும் அழிக்கக் கூடாது. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால், அதைத் திறக்கும் ரெக்கவரி கீயையும், எப்படியும் உங்கள் சொந்தக் கோப்புகளையும் வேறிடத்தில் சேமியுங்கள்.

படி 4: அந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். சி டிரைவுக்கு வலப்பக்கம் ஒட்டியே இருந்தால்தான், டிஸ்க் மேனேஜ்மென்ட்டின் எக்ஸ்டெண்ட் வால்யூம் மூலம் அந்த இடத்தைச் சியோடு சேர்க்க முடியும். நடுவில் வேறொரு கட்டம் இருந்தால் சேராது. தனி டிரைவாகத்தான் பயன்படும்.

படி 5: டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இதற்கு டெலீட் வராது. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பார்ட்டிஷன்களைக் கையாளும் டிஸ்க்பார்ட் கருவியை இயக்குங்கள். டிஸ்க்கையும் பார்ட்டிஷனையும் செலக்ட் செய்து, டெலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு என்ற கட்டளையைக் கொடுங்கள். நிஜமாகவே அழிக்கவா என்று அது கேட்காது. அதனால் என்டர் தட்டும் முன், செலக்ட் ஆகியிருக்கும் பார்ட்டிஷனின் அளவை படி 2இல் பார்த்த அளவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.