பார்சல் மெசேஜும் நான் கேட்ட தப்பான கேள்வியும்

"முகவரிப் பிழையால் உங்கள் பார்சல் நிற்கிறது, இன்றைக்குள் சிறு கட்டணம் கட்டவும்" என்று ஒரு மெசேஜ், கீழே லிங்க். நானும் ஒரு பார்சலுக்குக் காத்திருந்த நேரம். விரல் லிங்க் வரைக்கும் போய்விட்டது.

ஏதோ உறுத்த, ஏஐ சாட்பாட்டிடம் "இது உண்மைதானே?" என்றேன். "உண்மையாக இருக்கலாம்" என்று மழுப்பியது. தலையாட்டச் சொல்லிக் கேட்டால் தலையாட்டத்தானே செய்யும்!

பெயர், ஃபோன் நம்பரை அழித்துவிட்டு மெசேஜை முழுசாக ஒட்டி, "இது மோசடி என்றால் எதில் தெரியும்?" என்று மாற்றிக் கேட்டேன். இப்போதுதான் விஷயம் வந்தது. அவசரப்படுத்துவது ஒன்று. தொகை சின்னதாக இருப்பது இன்னொன்று. மோசடிக்காரர்களுக்கு வேண்டியது கார்டு விவரம். முக்கியமானது லிங்க்: தொடக்கத்து இரட்டைச் சாய்கோட்டை (//) விட்டுவிட்டு, அடுத்த சாய்கோட்டுக்குச் (/) சற்று முன்னால் வலதுகோடியில் இருப்பதே தளத்தின் சொந்தப் பெயர். இடப்பக்கம் எந்தப் பெயரையும் யாரும் ஒட்டிக்கொள்ளலாம். எனக்கு வந்ததில் கூரியர் பெயர் இடப்பக்கம்தான் இருந்தது. பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுப் படம்? இணைப்பு மறையாக்கப்பட்டது, அதாவது இடையில் யாரும் படிக்க முடியாது என்று மட்டும்தான் அர்த்தம். திருடனும் பூட்டு வாங்கலாம்.

ஓரிடத்தில் சாட்பாட் சறுக்கியது. தளம் பல வருடமாக இருக்கிறது என்று அடித்துச் சொன்னது. இணையத்தளப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் (ICANN) அமைப்பின் தேடல் பக்கத்தில் பார்த்தால், பதிவாகி 6 நாள்! பதிவுத் தேதியை இப்போதெல்லாம் நானே பார்த்துவிடுகிறேன்.

கடைசியில் கூரியர் செயலியை நேராகத் திறந்தேன். பார்சல் டெலிவரிக்குக் கிளம்பியிருந்தது. அந்த நம்பரை ஸ்பாம் என்று புகார் செய்து பிளாக் பண்ணினேன்.