வொண்டர்லாண்டுக்குப் போகுமுன் ரொறன்ரோவில் ஒரு நாள்

பியர்சன் விமான நிலையத்தில் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போதே பிள்ளைகள் வொண்டர்லாண்ட் எப்போது என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். ரொறன்ரோவுக்கு வடக்கே, வோன் நகரில் இருக்கும் பெரிய கேளிக்கைப் பூங்கா அது. கூட்டிப் போக வந்த மாமாவும் நாளைக்கே போகலாம் என்று வாக்குக் கொடுத்துவிடுவார். அந்த வாக்கை மூன்று நாளாவது தள்ளிப் போடுங்கள்.

கோடையில் கொழும்புக்கும் சென்னைக்கும் ரொறன்ரோவுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். வந்த புதிதில் வீடே அதிகாலை மூன்று மணிக்கு விழித்துப் பசி என்று குசினிக்குள் நிற்கும். பின்னேரம் நான்கு மணிக்கு நின்ற இடத்திலேயே தூங்கி விழும். பூங்காவோ முழு நாளையும் கேட்கும் இடம். காலையில் தொடங்கி மதியத்துக்குப் பின் வீடு திரும்பலாம் என்றால், அந்த முதல் நாட்களுக்கு நகரம்தான் தோது.

நகரத்தில் திசை பிடிக்க இரண்டு விஷயங்கள் போதும். ஏரி இருக்கும் பக்கம் தெற்கு. சிஎன் கோபுரம் ஏரிக்கரையை ஒட்டி நிற்பதால், நகரின் மையத்தில் பெரும்பாலும் அது தெரியும் பக்கமாக நடந்தால் ஏரிக்கு வந்துவிடலாம். இரண்டாவது, யங் வீதி. குறுக்கே ஓடும் பெரிய வீதிகளை அது கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரிக்கிறது. வீட்டு எண்களும் அங்கிருந்தே இரு பக்கமும் எண்ணப்படுகின்றன. ஆகவே ஒரே வீதியில் ஒரே எண்ணில் இரண்டு முகவரிகள் இருக்கலாம். முகவரி எழுதும்போது ஈஸ்ட், வெஸ்ட் என்பதை விட்டுவிட்டால் ஒரு மணி நேரப் பயணம் வீணாகும்.

இதை நான் அனுபவித்துத்தான் கற்றேன். முதல் தடவை தங்கையின் பிள்ளைகள் இருவரையும் வொண்டர்லாண்டுக்குக் கூட்டிக்கொண்டு புறப்பட்டபோது, நண்பர் ஒருவர் "சுரங்க ரயிலின் மஞ்சள் பாதையில் ஏறி வடக்கே கடைசி நிலையத்தில் இறங்குங்கள்" என்றார். சரியான வழிதான். ஆனால் அந்த முதலாம் இலக்கப் பாதை ஆங்கில 'யு' எழுத்தைப் போல வளைந்தது. யூனியன் நிலையம் அடிவளைவில் இருக்கிறது; இரண்டு கைகளும் வடக்கே போகின்றன. கிழக்குக் கையின் கடைசி நிலையம் பின்ச். மேற்குக் கையின் கடைசி நிலையம் வோன் மெட்ரோபொலிடன் சென்டர். நாங்கள் பின்ச்சில் இறங்கி மேலே வந்து நின்றோம். சின்னவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மாமா, மலை எங்கே?" என்று கேட்டான். பூங்காவின் செயற்கை மலையைத்தான் தேடினான். பஸ் பிடித்துக் குறுக்கே போய் மற்றக் கையை அடையும்போது மதியமாகிவிட்டது. பின்ச், பின்ச் வெஸ்ட் என்று இரண்டு நிலையங்கள் வெவ்வேறு கைகளில் இருப்பதையும் அன்றுதான் கவனித்தேன். உங்களுக்கு வேண்டியது மேற்குக் கை. ரயிலின் நெற்றியில் வோன் என்று இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள்.

நகரின் கிழக்குப் பக்கத்து ஸ்காபரோவிலிருந்து வருபவர்கள் கென்னடியில் இரண்டாம் இலக்கப் பாதையில் ஏறி, சென்ட் ஜோர்ஜ் நிலையத்தில் மாறி வடக்கே போகலாம். யூனியன் வரை இறங்கி ஏறத் தேவையில்லை. வோன் நிலையத்தின் வெளியே ஜேன் வீதி வழியாகப் போகும் யோர்க் பிராந்திய பஸ், எண் 20, பூங்காவின் பக்கமாகப் போகும். 2024 பெப்ரவரியிலிருந்து ரொறன்ரோ சுரங்க ரயிலுக்கும் யோர்க் பிராந்திய பஸ்ஸுக்கும் தனித்தனியே கட்டணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் முதலில் தட்டிய அதே அட்டையையே பஸ்ஸிலும் தட்ட வேண்டும். பிரெஸ்டோ என்ற பயண அட்டையில் தொடங்கிவிட்டு வங்கி அட்டையில் முடித்தால் சலுகை கிடைக்காது. பன்னிரண்டு வயது வரை பிள்ளைகளுக்கு ரொறன்ரோ சுரங்க ரயில் இலவசம். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் காலை எட்டு மணியளவில்தான் தொடங்கும்; திருத்த வேலைக்காக வார இறுதியில் பாதையின் ஒரு பகுதியை மூடுவதும் வழக்கம். முதல் நாள் இரவே பார்த்து வையுங்கள்.

நகர நாளில் என்ன பார்ப்பது? 553 மீட்டர் உயரக் கோபுரத்தில் ஏறுவதற்கு நான் அவசரப்பட மாட்டேன். டிக்கெட் விலை அதிகம், மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. ஊரிலிருந்து அம்மா அப்பா வரும்போது எப்படியும் ஏறத்தான் போகிறீர்கள். அந்தப் பணத்தில் சிறு பங்கைக் கொடுத்து பே வீதியின் அடியிலிருந்து ரொறன்ரோத் தீவுக்குப் போகும் படகில் ஏறுங்கள். கால் மணி நேரப் பயணம். பின்பக்கத்தில் நின்றால் நகரம் முழுவதும் மெல்ல விலகிப் போவதைப் பார்க்கலாம். ஒருமுறை கட்டினால் திரும்பி வரவும் அதுவே போதும். கோடை வார இறுதியில் வரிசை நீளும் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். சென்டர் தீவில் சென்டர்வில் என்ற சிறிய பூங்கா இருக்கிறது. வொண்டர்லாண்டில் உயரம் போதாமல் அழப்போகும் நான்கைந்து வயதுக்காரர்களுக்கு இதுவே பெரிய உலகம்.

மீதி நேரத்துக்கு கென்சிங்டன் மார்க்கெட்டும் பக்கத்துச் சைனா டவுனும் நடந்து பார்க்க நல்ல இடங்கள். சென்ட் லோரன்ஸ் சந்தை திங்களில் பூட்டு. ஒன்ராறியோ கலைக்கூடத்தில், ஒன்ராறியோவில் வசிக்கும் 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனுமதி இலவசம். நிரந்தர வதிவிட உரிமை பெற்று ஐந்து ஆண்டு ஆகாதவர்கள் 'கனூ' செயலியில் பதிந்துகொண்டால் நாடெங்கும் பல அருங்காட்சியகங்களுக்கு இலவசமாகப் போகலாம். இதை அறியாமல் காசு கட்டிய நம்மவர்கள் எத்தனையோ பேர். கடையில் எழுதியிருக்கும் விலைக்கு மேல் பெரும்பாலும் 13 வீத வரி சேரும் என்பதைச் சில்லறை எண்ணுமுன் நினைவில் வையுங்கள்.

இனிப் பூங்கா. காரில் போவதானால் 401ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே போய் 400இல் வடக்கே திரும்புவது வழமை. நெரிசலைக் கண்டு கட்டண நெடுஞ்சாலையான 407இல் ஏறினால் கமெரா எண் தகட்டைப் படம் பிடித்துப் பின்னர் கட்டணச் சீட்டு அனுப்பும். மாமாவின் காரென்றால் அந்தச் சீட்டு மாமாவுக்குத்தான் போகும்.

டிக்கெட்டை வாசலில் வாங்காதீர்கள். இணையத்தில் விலை குறைவு. ஒரு கோடையில் இரண்டு தடவை போவீர்கள் என்றால் பருவ அட்டையின் விலையையும் பார்த்துவிடுங்கள். ஸ்பிளாஷ் வேர்க்ஸ் என்ற நீர்ப்பூங்கா அனுமதிக்குள் அடக்கம், எனவே மாற்றுடை அவசியம். சனிக்கிழமையும் நீண்ட வார இறுதியும் கூடாது. ஜூன் வார நாட்களில் பள்ளிக்கூடச் சுற்றுலாக்கள் வந்து இறங்கும். வானம் இருட்டி இருக்கும் வார நாளே எனக்குப் பிடித்தது, கூட்டம் குறைவு. ஆனால் மின்னல் வந்தால் ஆட்டங்களை நிறுத்திவிடுவார்கள்.

புறப்படுமுன் பிள்ளைகளை வீட்டுச் சுவரில் சாய்த்து உயரம் அளந்து, எதில் ஏறலாம் என்பதை அவர்களோடு உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். 93 மீட்டர் உயரமும் மணிக்கு 148 கிலோமீட்டர் வேகமும் உள்ள லெவியதான் என்ற ரோலர் கோஸ்டர், வாசலில் நிற்கும்போதே தலைக்கு மேல் சீறிக்கொண்டு போகும். அதைப் பார்த்த பிறகு அளவுக் கம்பத்தின் முன் ஓர் அங்குலம் குறைகிறது என்று கேட்பது ஒன்பது வயதுப் பையனுக்குத் தாங்காது. எங்கள் சின்னவன் சப்பாத்துக்குள் காகிதம் மடித்து வைத்துக்கொண்டு போனான். கம்பத்தருகே நின்ற பெண் சிரித்தாளே தவிர விடவில்லை. சிறியவர்களுக்கு பிளானெட் ஸ்நூபி பகுதி இருக்கிறது, நேரே அங்கே போங்கள்.

வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக முடியாது, வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். இடியப்பப் பொதியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே வாக்குவாதப்பட்டுப் பயனில்லை. நாங்கள் காலையில் ஸ்காபரோக் கடையில் ரோல்ஸும், மிதிவெடி என்று நாங்கள் சொல்லும் சிற்றுண்டியும் வாங்கி, குளிர்பெட்டியில் போட்டுக் காரிலேயே விட்டுவிடுவோம். மத்தியானம் வெளியே வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். திரும்ப உள்ளே விட என்ன செய்ய வேண்டும் என்று வெளியேறுமுன் வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்கான உணவுக்குத் தடையில்லை.

சேலைத் தலைப்பு, துப்பட்டா, கழன்று விழும் செருப்பு ஆகியவை ஆட்டங்களுக்கு ஆகாது. ஏறாத பெரியவர்களுக்கு, நீரூற்றைத் தாண்டி செயற்கை மலையை நோக்கியபடி இருக்கும் வாங்குகளில் ஒன்றைக் காலையிலேயே காட்டிவிடுங்கள். எல்லாரும் தொலைந்தாலும் அங்கேதான் கூடுவது என்று பேசிக்கொள்ளுங்கள், கைபேசியின் உயிர் மாலைக்குள் போய்விடும்.

பஸ்ஸில் வந்தவர்கள் கடைசி பஸ் நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். காரில் வந்தவர்கள் நிறுத்திய இடத்தின் வரிசைப் பலகையைப் படம் எடுத்து வையுங்கள். இரவில் அந்த மைதானத்தில் எல்லா வான் வண்டிகளும் சாம்பல் நிறமாகத்தான் தெரியும்.