வலைப்பூவைப் பூட்டிவிட்டு முகநூலுக்குக் குடிபோகும் முன்

"இப்போதெல்லாம் வலைப்பூவை (பிளாக்) யார் படிக்கிறார்கள்?" என்று கேட்கும் அதே நண்பர், நாலு வருடம் முன்பு முகநூலில் தானே எழுதிய ஒன்றைத் தேடி அரை மணி நேரமாக விரலைத் தேய்த்துக்கொண்டிருப்பார். எழுதியது அழியவில்லை. பிறந்தநாள் வாழ்த்துக்கும் மீம்ஸுக்கும் அடியில் எங்கோ கிடக்கிறது.

முதல் தவறு இதுதான்: எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டுவது. 2010-ல் கூகுள் பஸ் என்ற சமூக வலைத்தளம் வந்தது. தமிழ்ப் பதிவர்கள் பலர் வலைப்பூவை விட்டு அந்த பஸ்ஸில் ஏறினார்கள். மறு வருடமே அதை மூடுவதாகக் கூகுள் அறிவித்துவிட்டது. அதே போன்ற வலைத்தளங்களான ஆர்குட் 2014-ல் போனது, கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில். அங்கே நடந்த அருமையான சண்டைகளும் கூடவே போயின. ஆனால் 2006 வாக்கில் யாரோ கூகுளின் இலவச வலைப்பூச் சேவையான பிளாக்ஸ்பாட்டில் எழுதிய பயணக் குறிப்பு இன்றும் தேடலில் வந்து நிற்கிறது.

அதற்காக முகநூலை விட வேண்டியதில்லை. அன்றைய கோபம், அரட்டை, படம் எல்லாம் அங்கேயே இருக்கட்டும். சமையல் குறிப்பு, பட்டா மாற்ற அலைந்த கதை, புத்தகம் பற்றிய கருத்து என மூன்று வருடம் கழித்தும் ஒருவருக்குத் தேவைப்படுவது எதுவோ, அதை வலைப்பூவில் எழுதிவிட்டு இணைப்பை முகநூலில் கொடுங்கள். வெறுமனே "புதிய பதிவு" என்று போட்டால் யாரும் வர மாட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று இரண்டு வரியாவது வேண்டும்.

முகநூலில் எழுதியதை அப்படியே வெட்டி ஒட்டுவது இன்னொரு தவறு. "நேற்று அவர் பேசியதைக் கேட்டீர்களா?" என்று தொடங்கினால் அன்றைக்குப் புரியும். பிறகு படிப்பவருக்கு யார் அவர், எந்த நேற்று? பெயரையும் தேதியையும் சேர்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. தலைப்பும் அப்படித்தான். "சில எண்ணங்கள் - 3" என்று எவரும் கூகுளில் தேடுவதில்லை.

லைக் கணக்கோடு ஒப்பிட்டு மனம் உடைவதும் உண்டு. முகநூலில் இருநூறு லைக், வலைப்பூவில் ஒரே ஒரு பின்னூட்டம். சரி, அந்த இருநூறில் எத்தனை பேர் 'மேலும் படிக்க' அழுத்தினார்கள்? நீ எனக்குப் பின்னூட்டம் போட்டால் நான் உனக்குப் போடுகிறேன் என்ற பழைய மொய்க்குப் பதில் மொய் வழக்கம் வலைப்பூவிலும் இருந்ததுதான், மறுக்கவில்லை.

"மீண்டும் வந்துவிட்டேன், இனி தொடர்ந்து எழுதுவேன்" என்ற அறிவிப்பு வேண்டவே வேண்டாம். பல வலைப்பூக்களில் அதுதான் கடைசிப் பதிவு.

அப்புறம், பிளாக்ஸ்பாட்டும் வாடகை வீடுதான். அமைப்புகளுக்குள் போனால் பதிவுகளையும் பின்னூட்டங்களையும் இறக்கிக்கொள்ளலாம். படங்களும் அதில் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அவற்றைத் தனியாகச் சேமிக்க வேண்டும். பழைய இணைப்பு ஏதாவது திறக்கவில்லையென்றால் முகவரியைப் பாருங்கள். இந்திய வாசகர்களைக் கூகுள் சில வருடங்கள் பிளாக்ஸ்பாட் டாட் இன் என்ற முகவரிக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தது. 2020-ல் அந்த முகவரி கூகுளின் கையை விட்டுப் போய்விட்டது. 'இன்' இருக்கும் இடத்தில் 'காம்' என்று மாற்றினால் பெரும்பாலும் திறந்துவிடும்.